பிடியும் இல்லை, சிஐயும் இல்லை: பிடிஏ மாணவி நோயாளியைப் பார்க்கலாமா?

கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் படிப்பவர்களுக்கும் உதவும். நீங்கள் அமெரிக்காவில் பிடிஏ, அதாவது பிசிகல் தெரபிஸ்ட் அசிஸ்டென்ட் படிப்பின் கடைசி கிளினிக்கலில், அதாவது நோயாளிகளோடு நேரடிப் பயிற்சியில் இருக்கிறீர்கள். இடம் ஒரு தனியார் அவுட்பேஷண்ட் கிளினிக், நோயாளிகள் வந்து சிகிச்சை முடிந்து போகும் இடம். உங்களுக்குப் பொறுப்பான கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டரும் (இனி சிஐ) ஒரு பிடிஏதான். அங்கே இருக்கும் ஒரே பிடி, அதாவது பிடிஏவை மேற்பார்க்கும் பிசிகல் தெரபிஸ்ட், வாரத்தில் இரண்டு நாள் வேறு கிளைக்குப் போய்விடுகிறார். அந்த நாட்களில் சில மதியங்களில் சிஐயும் வெளியே கிளம்பும்போது, "நீயே பார்த்துக்கோ, ஏதாவது என்றால் போன் பண்ணு" என்கிறார். இன்னொரு மாநிலத்தில் பிடிஏவாக வேலை பார்க்கும் உங்கள் சித்தி மகள், "பிடி போனில் கிடைத்தால் போதும், இங்கே எல்லாரும் அப்படித்தான்" என்கிறாள். இது சட்டப்படி சரியா, மாட்டினால் யார் மாட்டுவார்கள் என்பது கேள்வி. கடைசி வரியில், இந்தியாவில் பிபிடி (பிசியோதெரபி பட்டப்படிப்பு) முடித்த உங்கள் தோழி நேராகப் பிடிஏ பரீட்சை எழுதலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் சித்தி மகள் தன்னைப் பற்றிச் சொல்வது பெரும்பாலும் சரி. அது உங்களுக்குப் பொருந்தாது. அவளிடம் லைசன்ஸ் இருக்கிறது, உங்களிடம் இல்லை. இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் மற்ற எல்லாம் கிளம்புகிறது. பிடியும் இல்லாமல், சிஐயும் இல்லாமல் ஒரு மாணவி தனியாக நோயாளியைப் பார்ப்பதை நான் வேலை செய்த எந்த மாநிலத்திலும் விதி அனுமதித்ததில்லை. சிஐ பக்கத்தில் இருக்கிறார், பிடி மட்டும் வேறு கிளையில் இருக்கிறார் என்றால் பதில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். உங்கள் மாநிலம் எது என்று நீங்கள் சொல்லவில்லை. அதனால் அந்த இரண்டாவது பாதிக்கு நான் வழி காட்டத்தான் முடியும், தீர்ப்பு சொல்ல முடியாது. நான் வக்கீலும் இல்லை. தமிழ்நாட்டில் பிபிடி படித்து, இங்கே வந்து லைசன்ஸ் எடுத்து, அவுட்பேஷண்டிலும் ஸ்கில்டு நர்சிங்கிலும் (நர்சிங் ஹோமில்) பல வருடம் வேலை பார்த்தவன். பிடி மாணவர்கள், பிடிஏ மாணவர்கள் இரண்டு தரப்புக்கும் சிஐயாக இருந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் இருந்து எழுதுகிறேன்.

ஏன் இவ்வளவு குழப்பம் என்றால், பிசிகல் தெரபிக்கு அமெரிக்கா முழுவதற்குமான லைசன்ஸ் என்று ஒன்று கிடையாது. பரீட்சை மட்டும்தான் நாடு முழுக்க ஒன்று. லைசன்ஸ் தரும் மாநில போர்டுகளின் கூட்டமைப்பு நடத்தும் என்பிடிஇ என்ற அந்தப் பரீட்சையில், 200 முதல் 800 வரை போகும் அளவுகோலில் 600 எடுத்தால் தேர்ச்சி. பிடிஏவுக்குத் தனித்தாள், வருடத்தில் நான்கு முறை குறித்த தேதிகளில் நடக்கும். அதற்கப்புறம் எல்லாமே மாநிலத்தின் கையில். ஒவ்வொரு மாநிலத்திலும் சட்டசபை இயற்றிய தொழில் சட்டம் ஒன்று இருக்கும், அதன் கீழே போர்டு எழுதிய விதிகள் இருக்கும். பிடிஏ என்ன செய்யலாம், பிடி எவ்வளவு தூரத்தில் இருக்கலாம், ஒரு பிடி எத்தனை பிடிஏக்களை மேற்பார்க்கலாம், மாணவர் யார், எல்லாம் அங்கேதான் எழுதப்பட்டிருக்கும். சில மாநிலங்களில் பிடிஏவுக்குக் கொடுப்பதற்கு லைசன்ஸ் என்று பெயர், நியூயார்க் மாதிரி சில இடங்களில் சர்டிபிகேஷன். நடைமுறையில் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

மேற்பார்வையைப் பொதுவாக மூன்று படியாகப் பிரிப்பார்கள். ஜெனரல் என்றால் பிடி கட்டடத்தில் இருக்க வேண்டியதில்லை, தொலைபேசியிலாவது உடனே கிடைக்க வேண்டும். டைரக்ட் என்றால் பிடி அதே இடத்தில் இருந்து, கூப்பிட்டால் உடனே வர முடிய வேண்டும். மூன்றாவது டைரக்ட் பெர்சனல்: சிகிச்சை முடியும்வரை கூடவே இருந்து வழிநடத்துவது. ஆனால் ஒவ்வொரு மாநிலமும் இந்தச் சொற்களைத் தன் விருப்பப்படி எழுதிக்கொள்கிறது. பெயரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், அந்த மாநில விதியில் அந்தச் சொல்லுக்கு என்ன விளக்கம் கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

இரண்டு பெரிய மாநிலங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எவ்வளவு விலகல் என்று தெரியும். கலிபோர்னியாவில் லைசன்ஸ் பெற்ற பிடிஏ நோயாளியைப் பார்க்கும்போது, மேற்பார்க்கும் பிடி நேரிலோ தொலைத்தொடர்பிலோ எப்போதும் கிடைக்க வேண்டும். போனில் இருந்தால் செல்லும். ஆனால் ஒரு பிடி ஒரே சமயத்தில் இரண்டு பிடிஏக்களுக்கு மேல் மேற்பார்க்கக் கூடாது. நியூயார்க் நேரெதிர். அங்கே ஒரு பிடி நான்கு பிடிஏக்கள் வரை மேற்பார்க்கலாம், ஆனால் மேற்பார்வை அதே இடத்தில் இருந்து நடக்க வேண்டும். பக்கத்திலேயே நிற்கத் தேவையில்லை, கட்டடத்தில் இருக்க வேண்டும். வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் சேவைக்கும் பள்ளிகளுக்கும் மட்டும் தனி ஏற்பாடு. ஆக, கலிபோர்னியாவில் முழுக்கச் சரியான ஒரு மதிய நேர ஏற்பாடு, நியூயார்க்கின் சாதாரண கிளினிக்கில் விதிமீறல். உங்கள் சித்தி மகளின் மாநிலம் கலிபோர்னியா மாதிரி என்றால் அவள் சொன்னதில் பொய்யே இல்லை.

இதற்கு மேல் இன்னொரு அடுக்கு இருக்கிறது, பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். மாநிலச் சட்டம் "செய்யலாமா" என்று சொல்கிறது. பணம் கொடுப்பவர், முக்கியமாக முதியவர்களுக்கான அரசு இன்சூரன்ஸான மெடிகேர், "செய்ததற்குப் பில் போடலாமா" என்று சொல்கிறார். இரண்டும் வேறு வேறு சட்டம். ஒன்றில் தேறியது இன்னொன்றில் தேறும் என்று நினைக்கக் கூடாது. தனியார் கிளினிக்குகளில் பிடிஏ செய்த சிகிச்சைக்கு மெடிகேர் பார்ட் பி (அவுட்பேஷண்ட் சேவைகளுக்கான பகுதி) பணம் தர வேண்டுமானால், பிடி அதே இடத்தில் இருந்தாக வேண்டும் என்று நீண்ட காலம் விதி இருந்தது. மாநிலம் போனில் போதும் என்று சொன்னாலும் மெடிகேர் ஒத்துக்கொள்ளாது. பிடிக்குக் காய்ச்சல் என்றால் பிடிஏ இருந்தும் மெடிகேர் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரி அவுட்பேஷண்டிலோ ரீஹாப் ஏஜென்சியிலோ இதே பிடிஏ இதே வேலையைச் செய்தால் இந்தக் கட்டுப்பாடு இல்லை. கிராமப்புறங்களில் தனியாகக் கிளினிக் நடத்தும் பிடிகள் இதைப் பற்றிப் பல வருடம் முறையிட்டார்கள், என் பார்வையில் நியாயமான முறையீடு. 2025 ஜனவரி 1 முதல் மெடிகேர் இதை மாற்றி, தனியார் கிளினிக்கிலும் ஜெனரல் மேற்பார்வை போதும் என்று ஆக்கியது. "இப்போது ரூல் மாறிவிட்டது, பிடி இல்லாவிட்டாலும் பரவாயில்லை" என்று உங்கள் கிளினிக்கில் யாராவது சொன்னால் அவர்கள் மனதில் இருப்பது இந்த மாற்றமாகத்தான் இருக்கும். இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். மாநில விதி இதைவிடக் கடுமையாக இருந்தால் மாநில விதியே நிற்கும். நியூயார்க் பிடிக்கு இந்த மாற்றத்தால் பெரிய நிம்மதி எதுவும் கிடைக்கவில்லை. அடுத்து, இந்தத் தளர்வு லைசன்ஸ் உள்ள பிடிஏவுக்கு மட்டும். மாணவரைப் பற்றி அது ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை.

பிடிஏ செய்த வேலைக்கு மெடிகேர் குறைத்துத்தான் கொடுக்கிறது என்பதும் தெரிந்திருக்கட்டும். பார்ட் பி பில்லில் பிடிஏ செய்த பகுதிக்கு சிக்யூ என்ற குறியீடு சேர்க்க வேண்டும். 2022 முதல் அந்தச் சேவைக்கு வழக்கமான தொகையில் 85 சதவீதம்தான் வரும். அந்தக் குறைப்பைத் தவிர்க்க, பிடிஏ பார்த்ததைப் பிடி பார்த்ததாகப் போடும் ஆசை சில இடங்களில் வருகிறது. அது தவறான கிளெய்ம், அதற்கான மத்திய சட்டத்தில் அரசுக்கு ஏற்பட்ட இழப்பைப் போல மூன்று மடங்கு வரையும் அதற்கு மேல் அபராதமும் கட்ட நேரும். நோட்டில், அதாவது சிகிச்சைக் குறிப்பில், உங்கள் பெயரும் இருக்கும் என்பதால் சொல்கிறேன்.

மாணவர் விஷயத்துக்கு வருகிறேன். லைசன்ஸ் இல்லாமல் நோயாளியைத் தொட்டுச் சிகிச்சை செய்வது எல்லா மாநிலத்திலும் குற்றம். அப்படியிருக்க நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்? அங்கீகாரம் பெற்ற படிப்பில் சேர்ந்திருக்கும் மாணவர், அந்தப் படிப்பின் பகுதியாக, மேற்பார்வையின் கீழ் செய்வதற்கு லைசன்ஸ் தேவையில்லை என்று மாநிலச் சட்டத்தில் விலக்கு கொடுத்திருப்பார்கள். இந்த விலக்கின் ஒவ்வொரு சொல்லும் நிபந்தனை. மேற்பார்வை போய்விட்டால் விலக்கும் போய்விடும். அந்த நேரத்தில் நீங்கள் சட்டத்தின் கண்ணில் லைசன்ஸ் இல்லாமல் தொழில் செய்பவர். நம்ம ஊர் எல்எல்ஆர் மாதிரிதான்: பக்கத்தில் லைசன்ஸ் உள்ளவர் உட்கார்ந்திருக்கும் வரைக்கும் நீங்கள் ஓட்டுவது செல்லும், அவர் இறங்கிப் போய்விட்டால் எவ்வளவு நன்றாக ஓட்டினாலும் செல்லாது.

இதில் இன்னொரு கிளைக் கேள்வி அடிக்கடி வரும். சில மாணவர்கள் கிளினிக்கல் இல்லாத நாட்களில் அதே கிளினிக்கில் டெக்காக, அதாவது லைசன்ஸ் இல்லாத உதவியாளரான எய்டாகச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பார்கள். அந்த நேரத்தில் அவர்கள் மாணவர் இல்லை, எய்டு. மாணவருக்கான விலக்கு அங்கே எட்டாது, படித்துத் தெரிந்த கைவேலை எதையும் காட்டக் கூடாது. எய்டு செய்ததற்கு மெடிகேர் பார்ட் பி பணமும் தராது. நீங்களும் அப்படி வேலை பார்ப்பதாக இருந்தால் இரண்டு தொப்பியையும் கலக்காதீர்கள், பேட்ஜைக் கூட மாற்றிக்கொள்ளுங்கள்.

சரி, மாணவருக்கு மேற்பார்வை என்றால் எவ்வளவு? சிஐயாகப் பிடிஏ இருக்கலாமா என்று சிலர் சந்தேகப்படுவார்கள். பிடிஏ மாணவருக்கு இருக்கலாம், பிடி மாணவருக்கு முடியாது. படிப்புக்கு அங்கீகாரம் தரும் கேப்டி அமைப்பு, சிஐக்குக் குறைந்தது ஒரு வருட அனுபவம் வேண்டும் என்கிறது. மாநில விதிகளில் மாணவருக்கு "அதே இடத்தில்" என்ற சொல்தான் வழக்கம். கலிபோர்னியா லைசன்ஸ் பெற்ற பிடிஏவுக்குப் போன் போதும் என்று விட்டுக்கொடுக்கிறது. ஆனால் மாணவருக்கு மேற்பார்ப்பவர் அங்கேயே இருக்க வேண்டும் என்கிறது. மாணவர் எழுதிய நோட்டில் சிஐ அன்றைக்கே எதிர்க்கையெழுத்து போட வேண்டும் என்கிறது. ஒரே மாநிலம், ஒரே கட்டடம், இரண்டு பேருக்கு இரண்டு விதி. உங்கள் குழப்பத்தின் வேர் இதுதான்.

தொழில் சங்கமான ஏபிடிஏ இன்னும் ஒரு படி மேலே போய், பிடிஏ மாணவரைப் பிடிஏ மேற்பார்க்கும்போது பிடியும் அதே இடத்தில் இருந்து உடனே கிடைக்க வேண்டும் என்று தன் கொள்கையில் எழுதிவைத்திருக்கிறது. அந்த அளவுகோலில் பார்த்தால், பிடி வேறு கிளையில் இருக்கும் இரண்டு நாளும் உங்கள் கிளினிக்கில் மாணவரை வைத்துக்கொள்வதே கேள்விக்குரியது. ஆனால் சங்கக் கொள்கை சட்டம் ஆகாது. மாநில விதி அதை எடுத்துக்கொண்டால் சட்டம், உங்கள் கல்லூரி ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் ஒப்பந்தக் கட்டாயம், இரண்டிலும் இல்லை என்றால் நல்ல நடைமுறை. சிஐ கூட இருக்கும் நேரங்களைப் பற்றி நான் முன்னே சொன்ன "மாநிலத்துக்கு மாநிலம் மாறும்" என்பது இந்த இடம்தான். இங்கே "உடனே கிடைக்க வேண்டும்" என்பதற்கும் தெளிவான அளவு கிடையாது. பெரிய ஆஸ்பத்திரியில் மூன்றாவது மாடியில் இருக்கும் பிடி உடனே கிடைப்பவரா? பக்கத்துக் கட்டடத்தில் இருப்பவர்? சில போர்டுகள் இதற்கு விளக்கக் குறிப்பு வெளியிட்டிருக்கும், சிலவற்றில் புகார் வந்த பிறகுதான் பதில் தெரியவரும். வேறு ஊர்க் கிளை என்பது எந்த விளக்கத்திலும் "அதே இடம்" ஆகாது என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை.

பில் பக்கம் மாணவருக்கு இன்னும் கடுமை. மெடிகேர் பார்ட் பியில் மாணவர் செய்த சேவை என்று ஒன்றுக்குப் பணமே கிடையாது. லைசன்ஸ் உள்ளவர் முழு நேரமும் அதே அறையில் இருந்து, முடிவுகளைத் தானே எடுத்து, சிகிச்சையை வழிநடத்தி, அந்த நேரத்தில் வேறு நோயாளியையோ வேறு வேலையையோ பார்க்காமல் இருந்தால்தான், அது அவருடைய சேவையாகக் கணக்கிடப்படும். உங்கள் கை வேலை செய்யலாம், ஆனால் பில் அவருடையது, பொறுப்பும் அவருடையது. பிடிஏ சிஐயாக இருந்தால் அவர் அறையில் இருக்க, சிக்யூ குறியீட்டோடு போகும். பக்கத்து மேஜையில் அவர் இன்னொரு நோயாளியைப் பார்த்துக்கொண்டு ஓரக்கண்ணால் உங்களைக் கவனிப்பது பார்ட் பிக்குப் போதாது. ஸ்கில்டு நர்சிங்கில், அங்கே தங்கிச் சிகிச்சை பெறுபவர்களுக்கான பார்ட் ஏவில், நிலைமை வேறு. 2011 அக்டோபருக்கு முன் மாணவர் எப்போதும் கண்பார்வையில் இருக்க வேண்டும் என்றிருந்தது, அதற்கப்புறம் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டு, மாணவரின் திறமையைப் பொறுத்து மேற்பார்ப்பவரே தீர்மானிக்கலாம் என்று விட்டார்கள். அங்கேயும் மாநில விதி பின்னாலேயே வரும். நர்சிங் ஹோமில் முந்தைய கிளினிக்கல் செய்த மாணவர்கள், அங்கே கிடைத்த சுதந்திரம் அவுட்பேஷண்டிலும் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தனியார் இன்சூரன்ஸ் கம்பெனிகளில் சில மெடிகேரை அப்படியே பின்பற்றும், சில தனி விதி வைத்திருக்கும். அதை உங்கள் கிளினிக் பில்லிங் ஆட்கள்தான் சொல்ல வேண்டும், நீங்கள் தேடி அலைய வேண்டாம்.

காகிதத்தில் இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று தோன்றலாம், நீங்களே கேள்வியில் "எக்சர்சைஸ் தானே" என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு சாதாரண மதியத்தைக் கற்பனை செய்யுங்கள். முழங்கால் மாற்று அறுவை முடிந்து இரண்டாவது வாரத்தில் ஒருவர் வருகிறார். திட்டத்தில் எழுதியபடி காலை மடக்க வைக்க வேண்டும். இன்றைக்குக் கெண்டைக்கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, தொட்டால் சூடாக இருக்கிறது, "நேற்றிலிருந்து இழுக்கிற மாதிரி வலி" என்கிறார். அறுவைக்குப் பிந்தைய சாதாரண வீக்கமா, ரத்தக்கட்டா? லைசன்ஸ் பெற்ற பிடிஏ இந்த இடத்தில் சிகிச்சையை நிறுத்தி, பிடிக்கு உடனே தகவல் சொல்வார், அதற்குத்தான் பயிற்சி. நோய் என்னவென்று பிடிஏ தீர்மானிப்பதில்லை, ஆனால் "இது திட்டத்துக்கு வெளியே போகிறது" என்று அடையாளம் கண்டு நிறுத்துவது அவர் வேலை. அந்தக் கண் பழகப் பழகத்தான் வரும். தனியாக நிற்கும் மாணவிக்குச் சந்தேகம் வந்தாலும், "சும்மா போன் பண்ணித் தொந்தரவு செய்கிறாள் என்று நினைப்பார்களோ" என்ற தயக்கம் ஒன்று வரும். ரத்தக்கட்டு நுரையீரலுக்குப் போனால் அந்தத் தயக்கத்தின் விலை ஓர் உயிர். அறையில் சிஐ இருந்தால், தலையைத் திருப்பிக் கேட்டுவிடலாம். இந்த விதிகளில் சில எனக்கே அலுப்பூட்டியதுண்டு, ஆனால் மாணவர் தனியாக இருக்கக் கூடாது என்ற விதியில் ஒருநாளும் எனக்கு மாற்றுக் கருத்து வந்ததில்லை.

அதே காரணத்தால்தான் எந்த மாநிலத்திலும் முதல் மதிப்பீடு, மறுமதிப்பீடு, சிகிச்சைத் திட்டம் வகுப்பது, அதன் இலக்கை மாற்றுவது ஆகியவை பிடிக்கு மட்டும். பார்ட் பியில் 10 சிகிச்சை நாட்களுக்கு ஒருமுறையாவது பிடி முன்னேற்ற அறிக்கை எழுத வேண்டும். ஹோம் ஹெல்த்தில் 30 நாட்களுக்குள் ஒருமுறையாவது பிடி நேரில் போய் மறுமதிப்பீடு செய்ய வேண்டும். மூட்டு மொபிலைசேஷன் (மூட்டைக் கையால் அசைத்துத் தளர்த்துவது) மாதிரி சில கைமுறைகளைப் பிடிஏ செய்யலாமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது, கல்லூரியில் கற்றுக்கொடுத்தார்கள் என்பதே அனுமதி ஆகாது. பிடி இல்லாத நாளில் புது நோயாளியின் முதல் மதிப்பீட்டை "பாதி எடுத்து வை, அவர் வந்து முடிப்பார்" என்று யாராவது சொன்னால், அதை உங்கள் சிஐயே செய்ய முடியாது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. உங்கள் மாநில போர்டின் தளத்தில் தொழில் சட்டம், போர்டு விதிகள் என்று இரண்டு தனி ஆவணம் இருக்கும். விதிகளில் "மாணவர்", "மேற்பார்வை" என்ற இரண்டு சொல்லையும் தேடினால் அரை மணி நேரத்தில் கிடைத்துவிடும். பெரும்பாலும் இரண்டு மூன்று பத்திதான். அப்புறம் கல்லூரிக்கும் கிளினிக்குக்கும் இடையிலான ஒப்பந்தத்திலும் மாணவர் கையேட்டிலும் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கல்லூரி எடுத்துக்கொடுக்கும் லயபிலிட்டி இன்சூரன்ஸ் பொதுவாக அந்த வரம்புக்குள் நடப்பதற்குத்தான். மாநில விதி, பணம் கொடுப்பவர் விதி, கல்லூரி ஒப்பந்தம், கிளினிக்கின் உள் விதி என்று நாலும் வெவ்வேறாக இருந்தால், எது கடுமையோ அதுதான் உங்களுக்கு விதி. நான் மாணவர்களுக்கு முதல் நாளே சொல்வது இதைத்தான்.

அடுத்த முறை சிஐ கிளம்பும்போது, குற்றம் சாட்டாமல், "நீங்கள் வரும்வரை நோட்ஸ் எழுதுகிறேன், சாதனங்களைத் தயார் செய்து வைக்கிறேன். மேற்பார்வை இல்லாமல் நோயாளியைப் பார்க்கக் கல்லூரி அனுமதிக்கவில்லை" என்று சொல்லுங்கள். இது உண்மையும் கூட, உங்கள் மேல் பழியும் வராது. பல சிஐக்கள் கெட்ட எண்ணத்தில் இப்படிச் செய்வதில்லை. அவர்களுக்கே லைசன்ஸ் உள்ள பிடிஏவின் விதியும் மாணவரின் விதியும் மனதில் ஒன்றாகிப் போயிருக்கும். ஆட்கள் குறைவு என்ற நெருக்கடியும் இருக்கும். ஒருமுறை சொன்னால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆகவில்லை என்றால் அன்றைக்கே உங்கள் கல்லூரியின் கிளினிக்கல் பொறுப்பாளருக்கு மின்னஞ்சல் போடுங்கள்: தேதி, நேரம், யார் இருந்தார்கள், உங்களிடம் என்ன சொல்லப்பட்டது, அவ்வளவு போதும். நோயாளியின் பெயரோ விவரமோ அதில் வரக் கூடாது. கிரேடு போய்விடும் என்று பயப்படுகிறீர்கள், புரிகிறது. கிளினிக்கல் இடத்தை மாற்றிக்கொடுப்பதும், சிஐயோடு பேசுவதும் அந்தப் பொறுப்பாளரின் வேலை. அதற்காகத்தான் கல்லூரியில் அந்தப் பதவியே இருக்கிறது. ஏற்கெனவே நீங்கள் தனியாகப் பார்த்த மதியங்களைப் பற்றியும் அவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அந்த நோட்டுகளை நீங்களாகப் போய்த் திருத்த வேண்டாம், யார் சொன்னாலும் வேண்டாம். யார் மாட்டுவார்கள் என்று கேட்டீர்கள்: போர்டு முதலில் கேள்வி கேட்பது பிடியையும் சிஐயையும், ஏனென்றால் லைசன்ஸ் அவர்களுடையது. ஆனால் நாளைக்கு நீங்கள் லைசன்ஸுக்கு விண்ணப்பிக்கும்போது அதே போர்டுதான் உங்கள் பெயரையும் பார்க்கும்.

படிப்பு முடிந்து பரீட்சை முடிவு வரும்வரை உள்ள இடைவெளியையும் இப்போதே யோசித்து வையுங்கள். பட்டம் வாங்கியதும் மாணவருக்கான விலக்கு முடிந்துவிடும். நியூயார்க்கில் அந்தக் காலத்துக்கு லிமிடெட் பெர்மிட் உண்டு, கலிபோர்னியாவில் விண்ணப்பதாரர் என்ற தற்காலிக நிலை உண்டு, இரண்டிலும் கடுமையான மேற்பார்வை. எதுவுமே தராத மாநிலங்களும் உண்டு, அங்கே லைசன்ஸ் எண் வரும்வரை வேலையைத் தொடக் கூடாது. வேலை கொடுப்பவர் "சும்மா வந்து பழகு" என்றாலும் கூடாது.

உங்கள் சித்தி மகள் உங்கள் மாநிலத்துக்கு வந்து வேலை பார்க்க நினைத்தால், முப்பதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் சேர்ந்திருக்கும் பிடி காம்பேக்ட் என்ற மாநிலங்களுக்கு இடையிலான ஒப்பந்தம் வழியாகப் பிடிஏக்களும் இன்னொரு மாநிலத்தில் வேலை செய்யும் உரிமை வாங்கலாம். கலிபோர்னியாவும் நியூயார்க்கும் தொடக்கத்தில் அதில் சேரவில்லை, அதனால் பட்டியலைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும். வாங்கிய பிறகு அவளுக்குப் பொருந்துவது நோயாளி இருக்கும் மாநிலத்தின் விதி. "எங்க ஊர்ல போன் போதும்" என்பதை அவள் மூட்டை கட்டிக்கொண்டு வர முடியாது.

தோழியின் கேள்வி. பிடிஏ என்ற பதவி 1967இல் ஏபிடிஏ உருவாக்கியது, முதல் 15 பேர் 1969இல் பட்டம் பெற்றார்கள். நம்ம ஊரில் இதற்கு நேரான பதவி இல்லை. அதனால்தான் "பிபிடி பெரிய படிப்பு, பிடிஏ சின்னப் படிப்பு, நேராக எழுதிவிடலாம்" என்று பலரும் நினைக்கிறார்கள். சில மாநிலங்கள் வெளிநாட்டில் பிடி படித்தவரின் பாடங்களை மதிப்பிட்டு, பிடிஏ படிப்புக்குச் சமம் என்று ஏற்றுக்கொள்கின்றன. மற்ற மாநிலங்கள் இங்கே கேப்டி அங்கீகாரம் உள்ள பிடிஏ படிப்பை முடித்தால்தான் பரீட்சைக்கே விடும். பிடி லைசன்ஸுக்கு முயல்வதென்றால் எஃப்சிசிபிடி போன்ற அமைப்பு மூலம் பாட மதிப்பீடு, பெரும்பாலும் டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வு, குறைந்த பாடங்களை ஈடுகட்டுவது என்று நீண்ட வழி. ஆனால் அவருடைய நாலரை வருடப் படிப்புக்கு மரியாதை தரும் வழி அதுதான். கிரீன் கார்டுக்கு, ஆள் தட்டுப்பாடு உள்ளதாக ஏற்கெனவே ஒத்துக்கொண்ட தொழில்களின் பட்டியலான லேபர் டிபார்ட்மெண்டின் ஷெட்யூல் ஏயில் பிடிக்கு இடம் உண்டு, பிடிஏவுக்கு இல்லை. அதனால் பிடிஏவை அவசரக் குறுக்கு வழியாக எடுக்கும் முன் இரண்டு முறை யோசிக்கச் சொல்வேன். பரீட்சையை 12 மாதத்தில் மூன்று முறை, வாழ்நாளில் ஆறு முறைதான் எழுதலாம், ஒருமுறை எழுதிப் பார்ப்போமே என்ற விளையாட்டு வேண்டாம். இடைப்பட்ட காலத்தில் கிளினிக்கில் எய்டாக இருந்தால், நோயாளிகளிடம் தன்னைப் பிசிகல் தெரபிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. ஊரில் அவர் உண்மையிலேயே அதுதான் என்றாலும், இங்கே அந்தப் பெயருக்கே லைசன்ஸ் வேண்டும். மதிப்பீட்டுக்குப் பணம் கட்டும் முன், எந்த மாநிலத்தில் லைசன்ஸ் எடுக்கப் போகிறார் என்று முடிவு செய்துவிட்டு, அந்த போர்டுக்கு மின்னஞ்சல் எழுதி, எந்த மதிப்பீட்டு அமைப்பை, பாட மதிப்பீட்டின் எந்தப் பதிப்பை ஏற்றுக்கொள்வார்கள் என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். சில மாநிலங்கள் பட்டம் வாங்கிய வருடத்துக்குரிய பதிப்பை ஏற்கும், சில இப்போதைய பதிப்பைத்தான் கேட்கும். அதைப் பொறுத்துத்தான் அவருக்கு எத்தனை பாடம் மிச்சம் என்பது தெரியும்.